ஐஸ்லாந்துக் குதிரைப் போட்டி: முதல்முறை பார்க்கிறவர்களுக்கு

குதிரைப் போட்டி என்றாலே யார் முதலில் வருகிறார் என்றுதான் கண் தேடும். இங்கே பெரும்பாலான பிரிவுகளில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, மதிப்பெண் குதிரையின் நடைக்கு, அதாவது அது கால்களை எடுத்து வைக்கும் விதத்துக்கு. அதனால் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டும் முன் நடைகளைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். சாதாரண நடை, துள்ளோட்டம், பாய்ச்சல் மூன்றும் எல்லாக் குதிரைக்கும் உண்டு. துள்ளோட்டம் 'தக தக' என்று இரண்டு தட்டு, நிதானமான பாய்ச்சல் 'தகிட' என்று மூன்று. ஐஸ்லாந்துக் குதிரைக்கு இவை போக டோல்ட் என்று ஒரு நடை இருக்கிறது: 'தகதிமி தகதிமி' என்று இடைவெளி மாறாத நாலு தட்டு, எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு காலாவது தரையில் இருக்கும், அதனால் மேலே இருப்பவர் குலுங்குவதே இல்லை. பியர் டோல்ட் என்று கேளிக்கைப் போட்டிகூட உண்டு, நிரம்பிய கிளாஸைக் கையில் பிடித்தபடி சிந்தாமல் சுற்றி வரவேண்டும். தாளம் எங்கே நொண்டுகிறது என்று உங்கள் காதுக்குப் பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

சரி, அடுத்து பிரிவின் பெயரைப் பாருங்கள். டி என்றால் டோல்ட், வி என்றால் நாலு நடை, எஃப் என்றால் ஐந்து நடை. களம் 250 மீட்டர் நீள்வட்டப் பாதை. உலகப் போட்டியில் ஐந்து நடுவர்கள் பூஜ்யத்திலிருந்து பத்து வரை போடுவார்கள், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் கழிந்து மீதி மூன்றின் சராசரிதான் கணக்கு. டி1 என்ற டோல்ட் பிரிவில் நீண்ட பக்கத்தில் வேகம் கூட்டி வளைவில் குறைக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். எனக்குப் பிடித்தது டி2. அதில் ஒரு கட்டத்தில் கடிவாள வார் ஒரே கையில், தொய்ந்து வளைந்து தொங்கும், குதிரையின் வாயில் துளி இழுப்பு இருக்காது, ஆனாலும் அது தாளம் பிசகாமல் போகும். அந்த வாரையே பாருங்கள்.

ஐந்தாவது நடை ஸ்கெய்த், எல்லாக் குதிரைக்கும் வராது. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து நீளும், இடையில் நாலு காலும் தரையை விட்டு எழும். 100, 150, 250 மீட்டர் ஸ்கெய்த் ஓட்டங்களில் மட்டும் கடிகாரம்தான் நடுவர், ஆனால் பாதியில் பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் அந்த ஓட்டம் போச்சு.

அப்புறம் எந்த விழா என்று தெரிந்துகொள்ளுங்கள், அங்கேதான் பெரிய வித்தியாசம். லாண்ட்ஸ்மோட் ஐஸ்லாந்துக்குள் நடக்கும் தேசியப் பெருவிழா, 1950-இல் திங்வெட்லிரில் தொடங்கியது, இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அங்கே கைதிங்கா என்ற போட்டிமுறைக்குத்தான் மவுசு: ஏ பிரிவு ஐந்து நடை, பி பிரிவு நாலு நடை, குதிரையின் துடிப்பும் கம்பீரமும் முன்னால் நிற்கும். உலகப் போட்டி ஒற்றைப்படை ஆண்டுகளில் ஐரோப்பாவில் நடக்கும், 2023-இல் நெதர்லாந்தின் ஓர்ஸ்கோட்டில் நடந்தது. அங்கே 'விளையாட்டு முறை' என்ற வேறு போட்டிமுறை, சவாரி செய்பவருக்கும் குதிரைக்கும் உள்ள ஒத்திசைவைக் கூர்ந்து பார்ப்பார்கள்.

ஐஸ்லாந்தை விட்டு வெளியே போன குதிரை திரும்ப உள்ளே வர முடியாது, நோய் புகாமலிருக்க அப்படிச் சட்டம். அதனால் உலகப் போட்டிக்கு அங்கிருந்து குதிரையோடு போகிறவர்கள் குதிரையில்லாமல்தான் ஊர் திரும்புகிறார்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் சேனலை மாற்றிவிடாமல், அவர்கள் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து இறங்கும்வரை பாருங்கள்.