புல்லி, ரவுடி, தக்: முரட்டுச் சொற்களின் தடம் பிடிப்பது எப்படி

பி, யு, எல், எல், ஒய். இந்த ஐந்தெழுத்துச் சொல்லுக்கு இன்றைக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் விளக்கம் வேண்டியதில்லை. தன்னைவிட எளிய பிள்ளையைத் திரும்பத் திரும்ப மிரட்டி அழவைப்பவன் 'புல்லி'. ஆனால் 1530-களில் இந்தச் சொல் ஆங்கில எழுத்தில் முதலில் தென்படும்போது அதன் பொருள் அன்புக்குரியவர், காதலர். ஆணையும் அப்படி அழைத்தார்கள், பெண்ணையும் அழைத்தார்கள். காதலர், சகோதரர் என்று பொருள்படும் 'பூல்' என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. (நாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் 'துட்டு'ம் டச்சு நாணயப் பெயரிலிருந்து வந்ததுதான்.)

அன்பு எப்படி அடாவடி ஆனது என்பதை மாணவர்கள் கண்ணால் பார்க்கும்படி காட்ட முடியும். தொண்டி முதல் வாலிநோக்கம் வரை எந்த ஊர் வகுப்பறையிலும் இரண்டு பாடவேளையில் முடிகிற வேலை இது. பழைய ஆங்கிலத்தைத் தமிழாக்குபவர்களுக்கும் இதே முறை உதவும்.

வேண்டியவை: ஏ4 தாள் பத்து, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டினால் நாற்பது அட்டை. நீலப் பேனா, சிவப்புப் பேனா, ஒரு மார்க்கர் பேனா. துணி மாட்டும் கிளிப் இரண்டு டஜன். ஐந்தரை மீட்டர் நீளத்தில் தங்கூசி நரம்பு (மீன்வலைக்கான நைலான் இழை) இரண்டு, வலை பின்னும் வீட்டில் கேட்டால் கிடைக்கும். சார்ட்டும் செல்லோடேப்பும் வேண்டாம். உப்புக்காற்றில் டேப் சீக்கிரம் கழன்றுவிடும். ஒட்டிய அட்டையை இடம் மாற்றவும் முடியாது, இந்த வேலையில் அட்டை கட்டாயம் இடம் மாறும்.

ஒரு நரம்பைச் சுவரோரம் இழுத்துக் கட்டுங்கள். இடது முனை 1500. ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் ஆண்டு, ஒரு மீட்டருக்கு ஒரு நூற்றாண்டு. 1599 என்றால் 99-ஆவது சென்டிமீட்டர், 1755 என்றால் 255. மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு புள்ளி வையுங்கள்.

ஒவ்வொரு அட்டையிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும். சொல் வரும் முழு வாக்கியம், ஆண்டு, யார் யாரிடம் சொன்னது, அந்த இடத்தில் அது அன்பா பகையா. அன்பென்றால் நீலம், பகையென்றால் சிவப்பு. பெரும்பாலான பிழை முதல் விஷயத்தில்தான் நேரும். பிள்ளைகள் சொல்லை மட்டும் எழுதிவிட்டு வாக்கியத்தை விட்டுவிடுவார்கள். வாக்கியம் இல்லாத அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். பக்கத்துச் சொற்கள் இல்லாமல் பொருளைத் தீர்மானிக்க வழியே இல்லை.

ஓர் அட்டையை முழுதாகப் பார்ப்போம். ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகம், 1599. போருக்கு முந்தைய இரவு. அரசர் மாறுவேடத்தில் பாசறைக்குள் நடக்கிறார். எதிரில் நிற்பது அரசர்தான் என்று தெரியாமல் பிஸ்டல் என்ற படைவீரன், அரசர் தங்கமான மனசுக்காரர், அவர் அழுக்குச் செருப்பைக்கூட முத்தமிடுவேன் என்று சொல்லி, 'ஐ லவ் த லவ்லி புல்லி' என்று முடிக்கிறான். இதை 'அந்த அழகான ரவுடியை நேசிக்கிறேன்' என்று பெயர்த்தால் காட்சியே கெட்டது. முன்னால் தங்கமான மனசு, பின்னால் நேசம். நடுவில் நிற்கும் சொல் 'எங்க ராசா' என்பதைத் தவிர வேறென்னவாக இருக்க முடியும்? அட்டை நீலம், இடம் 99.

அடுத்து சாமுவேல் ஜான்சனின் அகராதி, 1755. சத்தம் போட்டு, வீறாப்புப் பேசி, சண்டைக்கு வருகிறவன் என்கிறார். கூடவே, வீரம் இருப்பதுபோல் தோற்றம் மட்டும் உள்ள ஆளைத்தான் பொதுவாக அப்படிச் சொல்வார்கள் என்றும் சேர்க்கிறார். அட்டை சிவப்பு, இடம் 255. ஆனால் இதுவும் இன்றைய பொருள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஜான்சனின் புல்லி வெறும் வாய்ச்சொல் வீரன். எளியவனை வதைக்கிறவன் என்ற கூர்மை அவருடைய விளக்கத்தில் இல்லை.

99-க்கும் 255-க்கும் இடையில்தான் திருப்பம். 1600-களின் போக்கில் 'நல்ல ஆளு' என்பது 'வீறாப்புக்காரன்' ஆகி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 'எளியவரை மிரட்டுபவன்' என்ற பக்கமும் தலைகாட்டிவிட்டது. காளையைக் குறிக்கும் 'புல்' என்ற சொல்லின் ஓசை இழுத்திருக்கலாம் என்பார்கள். இன்னொரு கண்ணியும் உண்டு. பாலியல் தொழிலில் இருக்கும் பெண்ணுக்குக் 'காவல்' நிற்பவனையும் புல்லி என்றார்கள். காதலன், அடியாள் என்ற இரண்டு வேடமும் ஒரே ஆளிடம். பொருத்தமான பாலம்தான். ஆனால் இந்தப் பொருளுக்குத் தெளிவான எழுத்துச் சான்று 1706-இல்தான் கிடைக்கிறது, அதாவது திருப்பம் நடந்த பிறகு. அதனால் அட்டையை 206-இல் மாட்டி மூலையில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். எழுத்தில் ஏறிய ஆண்டு பேச்சில் பிறந்த ஆண்டு அல்ல. சொல் அதற்கு முன்பே வாயில் புழங்கியிருக்கும். ஆனால் 'இருக்கும்' என்பதைச் சான்றாக மாட்டக் கூடாது.

இந்தத் திருப்பம் பிள்ளைகளுக்கு நம்பமுடியாததாகத் தோன்றினால் 'தாதா'வைச் சொல்லுங்கள். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன், மரியாதை விளி. தமிழில் செய்தித்தாள் திறந்தால் தாதா என்றால் கூலிப்படை வைத்திருப்பவன். அங்கேயும் உறவுச் சொல்தான் மிரட்டுகிற சொல்லானது. இன்னும் பக்கத்தில் வேண்டுமானால், பாம்பன் டீக்கடையில் 'அண்ணன் வந்துட்டாரு' என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்வதையும், அதே சொல்லை ஒரு தங்கை வாசலில் நின்று கத்திச் சொல்வதையும் இரண்டு அட்டையாக எழுதச் சொல்லுங்கள். சொல் ஒன்று, பேனா நிறம் வேறு. கீழக்கரைப் பிள்ளைகள் 'காக்கா' என்று எழுதினால் தடுக்காதீர்கள், அங்கே அண்ணனுக்கு அதுதான் சொல்.

அமெரிக்காவுக்கு வரும்போது நரம்பு ஒன்று போதாது. கீழே இன்னொன்று கட்டுங்கள், மேலே பிரிட்டன், கீழே அமெரிக்கா. 'அருமையான' என்ற பொருளில் புல்லி ஒரு பெயரடையாக 1800-களில் அங்கே செழித்தது. 1860-களில் 'புல்லி ஃபார் யூ' என்றால் 'சபாஷ்'. 1901 முதல் 1909 வரை அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், தன் பதவியை 'புல்லி புல்பிட்' என்றார். நாட்டுக்கு எதையும் எடுத்துச் சொல்ல அருமையான மேடை என்பது அதன் பொருள். இன்றைய கட்டுரைகளில் இந்தத் தொடர் வரும்போது 'மிரட்டல் மேடை' என்று தமிழாக்கிவிடுகிறார்கள். இந்தச் சொல்லில் இதைவிட அடிக்கடி நேரும் பிழை இல்லை. ரூஸ்வெல்ட் அட்டை நீலம், கீழ் நரம்பில் 401 முதல் 409.

ஒரே எழுத்து, வேறு சொல் என்பதும் ஒரு பொறி. 'புல்லி பீஃப்' என்பது பிரிட்டிஷ் சிப்பாய்கள் தின்ற டின் இறைச்சி. வேகவைத்தது எனப் பொருள்படும் 'பூயி' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும், முரடனுக்கும் அதற்கும் உறவில்லை. ஹாக்கியில் ஆட்டம் இடையில் நின்றபின் இருவர் பந்துக்கு மேல் மட்டையை மட்டையோடு தட்டித் தொடங்குவதும் 'புல்லி'தான். இவற்றை நரம்பில் ஏற்றாமல் மேசையில் தனியாக வையுங்கள். அச்சான புத்தகங்களில் ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு புழங்கியது என்று காட்டும் கூகுள் என்கிராம் வரைபடம் இவற்றையெல்லாம் ஒரே கணக்கில் கூட்டிவிடும். அந்தக் கோடு ஏறுவதை வைத்து 'கொடுமை கூடிவிட்டது' என்று எழுதுவது தவறு.

நரம்பின் கடைசி மீட்டரில் முக்கியமான அட்டை ஒன்று. டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் 1970-களில் ஸ்காண்டிநேவியப் பள்ளிகளில் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு புல்லியிங்குக்கு மூன்று அடையாளம் நிலைத்தது. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் பலம் சமமில்லாமல் இருப்பது. சமமான இரண்டு பையன்கள் உருண்டு புரண்டால் அது சண்டை, புல்லியிங் அல்ல.

இதைத் தமிழில் சொல்லும்போது அவசரப்படக் கூடாது. 'கேலி' போதாது, வலி தெரியாது. 'வம்பிழுப்பது' பேச்சுக்கு நெருக்கம், ஆனால் சமமானவர்களுக்கு இடையிலும் வம்பு நடக்கும். 'சீண்டல்' என்ற சொல்லை இப்போது 'பாலியல் சீண்டல்' என்ற தொடர் பிடித்துவைத்திருக்கிறது, பள்ளி அறிவிப்பில் தனியாகப் போட்டால் பெற்றோர் வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள். 'ராகிங்' சட்டச் சொல். தமிழ்நாட்டில் 1997-இலேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது, கல்லூரி சீனியர்களின் நினைவு வராமல் அதைப் படிக்க முடியாது. அறிவிப்புக்கு 'சக மாணவரை மிரட்டித் துன்புறுத்துதல்' சரியாக வரும். நீளம்தான், ஆனாலும் நீளத்துக்குப் பயந்து பொருளை விடக் கூடாது.

'தக்' நீண்ட தடம் கொண்டது, இங்கே சுருக்கமாக. இந்தியில் ஏமாற்றுக்காரன். மறைப்பது என்ற பொருளுள்ள வடமொழி வேரோடு சேர்ந்தது. 1830-களில் கிழக்கிந்தியக் கம்பெனி, வழிப்போக்கரைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் கூட்டத்தை அந்தப் பெயரால் குறித்து, 1836-இல் சட்டமே போட்டது. ஆங்கிலத்தில் பொதுவாக அடியாள் ஆனது. 1990-களில் அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷகூர் 'தக் லைஃப்' என்று வயிற்றில் பச்சை குத்திக்கொண்டபோது, ஒதுக்கப்பட்டவனின் பெருமையும் அதில் ஏறியது. பிறகு மீம் வழியாகத் தமிழுக்கு வந்தது. இன்று ஒரு கிழவி ஒரே வரியில் எதிராளி வாயை அடைத்தால் 'பாட்டி தக் லைஃப்' என்கிறார்கள். வன்முறை முழுவதும் கழன்றுவிட்டது.

'ரவுடி'க்குக் கட்டாயம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள், ஏனென்றால் இதன் சான்றுகள் அகராதியில் இல்லை, தெருவில் இருக்கின்றன. 1800-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காட்டுப்புறத்து அடங்காத ஆளைக் குறித்த சொல் இது. மூலம் தெளிவில்லை. ஆங்கிலத்தில் இன்று பெரும்பாலும் பெயரடை, 'கூச்சல் போடுகிற' என்பதோடு நின்றுவிடுகிறது. தமிழில் அது குற்றவாளியின் பெயர். காவல்துறைப் பட்டியலில் 'ஏ பிளஸ் ரவுடி' என்றால் தரவரிசையே உண்டு. அதே சொல்லை அம்மா ஒருத்தி இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே 'எங்க வீட்டு ரவுடி, ஒரு வாய் வாங்குடா' என்கிறாள். புல்லி அன்பிலிருந்து பகைக்குப் போனது, ரவுடி பகையிலிருந்து அன்புக்கு வந்துகொண்டிருக்கிறது. உழவில் படுத்துக்கொள்ளும் சண்டிமாட்டின் பெயரிலிருந்து வந்திருக்கக்கூடிய 'சண்டிய'ரும் அப்படித்தான், தெருவில் ஒரு பொருள், தொட்டிலில் ஒரு பொருள்.

ஆளுக்கு ஐந்து ரவுடி அட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். 'ரவுடின்னா என்ன?' என்று யாரிடமும் கேட்க வேண்டாம், எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். 'யாரை அப்படிச் சொல்லுவீங்க, எப்பச் சொல்லுவீங்க?' என்று கேட்கணும். ஏலக்கூடம், பஸ், வீடு, பள்ளி மைதானம் என்று இடம் மாற்றிக் கேட்கணும். ஆள் பெயர் அட்டையில் வரக் கூடாது. 'தாய், பிள்ளையிடம்' என்ற அளவு போதும். ஊருக்குள் நிஜமாகவே அந்தப் பெயர் வாங்கியவர் இருக்கலாம், பிள்ளைகளுக்கு அதனால் தொல்லை வேண்டாம்.

மொழிபெயர்ப்பில் இது எங்கே இடறும் என்பதையும் காட்டுங்கள். வளைகுடாவில் படிக்கும் பேரனின் பள்ளி அறிக்கையில் 'ரவுடி இன் கிளாஸ்' என்று வந்தால், இங்கே இருக்கும் தாத்தாவுக்கு அதை 'வகுப்பில் ரொம்பச் சத்தம் போடுகிறான்' என்று படித்துக் காட்டணும். எதிர்த்திசையில், காவல் நிலையப் புகாரில் இருக்கும் 'அவன் ஒரு ரவுடி' என்பதை வெளிநாட்டவருக்காக ஆங்கிலமாக்கும்போது 'ரவுடி' என்றே விட்டால் ஏதோ கூச்சல்காரன் என்று கடந்து போய்விடுவார்கள். போலீஸ் பட்டியலில் பெயர் இருப்பதாகப் புகாரே சொன்னால் அதை விரித்து எழுதுங்கள். சொல்லவில்லையென்றால் மிரட்டினான், பணம் பிடுங்கினான், கத்தி காட்டினான் என்று புகாரில் உள்ள செயலை மட்டும் எழுதிவிட்டு, ரவுடி என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே வையுங்கள்.