ஏர் ஃபிரையரில் கேக்: சிவந்த மேற்புறத்தை நம்பாதீர்கள்

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு ஏர் ஃபிரையர் இருக்கிறது. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியது, வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்தது, கல்யாணப் பரிசாக வந்து பெட்டி பிரிக்காமல் கிடந்தது என்று பல வழிகளில் வந்து சேர்ந்திருக்கிறது. முதல் வாரம் உருளைக்கிழங்கு, அடுத்த வாரம் கோழி, அதற்கடுத்த வாரம் கேக். அந்தக் கேக் வாரத்தில்தான் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடிக்கும். கையில் தட்டோடு நிற்பார்கள். நான் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். ஆகவே வைத்தியமும் நான்தான் சொல்ல வேண்டும். அநேகமாக எல்லாத் தட்டிலும் ஒரே நோய். தொடக்கத்தில் என்னையும் பிடித்து ஆட்டிய நோய்தான்.

சர்க்கரை போட மறந்தது, நேரம் வைக்காமல் தூங்கிப்போனது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்யமாட்டார். தவறு என்றே தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்பவை வேறு.

மேலே சிவந்ததும் எடுத்துவிடுவது

பக்கத்து வீட்டு மருமகள் தன் மாமனாரின் பிறந்தநாளுக்குக் கருப்பட்டி கேக் செய்தாள். உடன்குடியிலிருந்து வரவழைத்த கருப்பட்டி, நாட்டுக்கோழி முட்டை, நல்ல வெண்ணெய். எதிலும் குறை வைக்கவில்லை. கைபேசியில் பார்த்த செய்முறையில் 180 டிகிரி, 30 நிமிடம் என்று இருந்தது. அப்படியே வைத்தாள். கால் மணி நேரம் ஆவதற்குள் வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. இழுத்துப் பார்த்தால் மேற்புறம் நன்றாகச் சிவந்து, நடுவில் குன்று போல எழும்பி வெடித்திருந்தது. ஈர்க்குச்சியை ஓர் அங்குலம் குத்தினாள்; ஒட்டாமல் வந்தது. கருகிவிடுமோ என்ற பயத்தில் எடுத்துவிட்டாள்.

மாலையில் எல்லோர் முன்னிலையிலும் கத்தி இறங்கியது. மேலே இரண்டு விரல் தடிமனுக்குக் கேக். அதற்குக் கீழே கூழ். மாமனார் மரியாதைக்காரர். ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, “அல்வா பதம் நன்றாக வந்திருக்கிறதம்மா” என்றார். திருநெல்வேலிக்காரர் வாயிலிருந்து ஒரு கேக்குக்கு இப்படி ஒரு பாராட்டு வரக்கூடாது.

மறுநாள் காலையில் அவள் என்னிடம் வந்து சொன்னதுதான் எனக்கு எரிச்சல் மூட்டியது. “அத்தை, கருப்பட்டியில் ஏதோ கலப்படம் போலிருக்கிறது.” எல்லோரும் இப்படித்தான். முட்டை சரியில்லை, மைதா சரியில்லை, கருப்பட்டி சரியில்லை. பெட்டிக்குள் சூடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

குனிந்து பாருங்கள். கூடையைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்தால் மேற்கூரையில் சுருள் தெரியும், அதற்கு மேலே விசிறி. சூடெல்லாம் மேலேயிருந்துதான். விசிறி அந்தச் சூட்டை வேகமாகக் கீழே தள்ளுகிறது. 2010-இல் பிலிப்ஸ் நிறுவனம் இந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் முதல் வேலை உருளைக்கிழங்கு வறுவல். மேல்தோல் சீக்கிரம் காய்ந்து மொறுமொறுப்பாக வேண்டும் என்பதற்காகவே அமைத்த காற்று அது. கேக்குக்கோ மேல்தோல் கடைசியில்தான் காய வேண்டும். முதலிலேயே காய்ந்து இறுகிவிட்டால் அடியில் உப்புகிற மாவுக்குப் போக வழியில்லை. நடுவைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. அந்த வெடிப்பைப் பார்த்து நன்றாக உப்பியிருக்கிறது என்று மகிழ்கிறோம்.

இதில் நம் வீட்டுப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. நம்மில் பலர் கேக் பழகியது குக்கரில். அடியில் மணலோ உப்போ பரப்பி, வெயிட்டையும் கேஸ்கட்டையும் எடுத்துவிட்டு, மேலே தட்டை வைத்துச் செய்தோம். அங்கே தீ அடியில். கருகினால் அடிதான் கருகும், வேகாவிட்டால் மேற்புறம்தான் வேகாது. ஆகவே மேலே சிவந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கண் பழகிவிட்டது. ஏர் ஃபிரையரில் எல்லாம் தலைகீழ். கடைசியாக வேகும் இடம் நடுவின் அடிப்பகுதி. அது கண்ணுக்குத் தெரியாது.

என்ன செய்வது? அடுப்புக்காக, அதாவது ஓவனுக்காக எழுதிய செய்முறையில் 180 டிகிரி என்று இருந்தால் ஏர் ஃபிரையரில் 150 அல்லது 160 வையுங்கள். நான் வைப்பது 150. இரண்டு முட்டை, மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றும் தலா 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் பால். இந்த அளவு மாவு ஆறு அங்குலத் தட்டில் 35 முதல் 40 நிமிடத்தில் வேகும். சில கருவிகளில் ஐந்து நிமிடம் முன்பின் ஆகும். பதினைந்து நிமிடம் கழிந்து மேலே நிறம் மாறத் தொடங்கியதும் அலுமினியத் தாளால் தட்டை மூடி, விளிம்புக்கு அடியில் இறுக மடித்துவிடுங்கள். சும்மா மேலே போர்த்தினால் விசிறி அதைத் தூக்கிச் சுருளில் ஒட்டவைத்துவிடும்.

அவள் செய்த இன்னொன்றும் உண்டு. கூடைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் தட்டு. பெரிய கேக் வேண்டும் என்ற ஆசை. காற்று தட்டின் பக்கவாட்டில் இறங்கி, அடியில் சுற்றி வந்தால்தான் அடிமாவுக்குச் சூடு கிடைக்கும். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். நான்கு லிட்டர் கருவிக்கு ஆறு அங்குலத் தட்டே போதும். மாவும் தட்டில் பாதி அளவுதான். அதற்கு மேல் ஊற்றினால் உப்பி எழுந்து சுருளுக்கு அருகில் போய்விடும்.

கருப்பட்டி கேக்குக்கு இவையெல்லாம் இரட்டிப்பாகப் பொருந்தும். மாவே பழுப்பு நிறம். அது சிவந்ததா வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. குச்சி ஒன்றே சாட்சி. அதுவும் ஓர் அங்குலம் குத்தினால் பொய்ச்சாட்சி. நடுவில், தட்டின் அடி இடிக்கும்வரை இறக்கி எடுங்கள். ஈரமான துகள் இரண்டு ஒட்டியிருந்தால் பரவாயில்லை. மாவு ஒட்டியிருந்தால் மூடி போட்டு 140 டிகிரியில் இன்னும் பத்து நிமிடம்.

வெட்டும் முன்பே கண்டுபிடித்துவிட்டால் இப்படிக் காப்பாற்றிவிடலாம். வெட்டிய பிறகு தெரிந்தால் துண்டு போட்டுத் தட்டில் பரப்பி, குறைந்த சூட்டில் ரஸ்க் போலக் காயவைத்துச் சாப்பிடுங்கள். கேக்காக அது திரும்பி வராது.

கருப்பட்டியைச் சீவி அப்படியே போடுவது

நல்ல கருப்பட்டியிலும் மண் இருக்கும், தூசி இருக்கும். சீவிப் போட்டால் கேக்கில் பல்லுக்குப் பல் நறநறவென்கும். 100 கிராமுக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, முழுக்க ஆறவிடுங்கள். சூடாக ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும். கரைக்க ஊற்றிய தண்ணீரையும் கணக்கில் வைத்துக்கொண்டு பாலை விட்டுவிடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. பாலும் ஊற்றி, பாகும் ஊற்றி, மாவு தோசை மாவாக ஓடுகிறது என்று மேலும் மைதாவைக் கொட்டுகிறார்கள். பிறகு கேக் கல்லாக இருக்கிறதே என்று கேள்வி.

சமையல் சோடா சேர்ப்பவர்கள் அதற்குப் புளிப்பாகத் தயிரோ மோரோ சேர்க்க வேண்டும். கலந்தவுடன் சுடவும் வேண்டும். மாவைக் கரைத்துவைத்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் தட்டு இரவல் வாங்கப் போனால் வருவதற்குள் நுரையெல்லாம் அடங்கியிருக்கும்.

வெண்ணெயை மேசைமேல் வைத்துவிட்டுப் போவது

அறை வெப்பநிலையில் இளகிய வெண்ணெய் என்று எல்லாச் செய்முறையிலும் எழுதியிருக்கிறார்கள். எந்த ஊர் அறை? எழுதியவர்கள் நினைத்தது இருபது டிகிரி அறையை. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மொட்டைமாடிக்குக் கீழுள்ள சமையலறையில் ஒரு மணி நேரம் வைத்தால் வெண்ணெய் இளகாது, உருகி ஓடும். உருகிய வெண்ணெயில் சர்க்கரையைப் போட்டு எவ்வளவு அடித்தாலும் காற்று பிடிக்காது. கேக் எண்ணெய் கசிந்து அடை போல உட்காரும். நம் ஊர்க் கோடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் துண்டு போட்டுப் பத்து நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் வழுக்கக்கூடாது. கைமீறி உருகிவிட்டால் திரும்பக் குளிரவைத்து அடியுங்கள்.

எட்டிப் பார்ப்பது

கூடையை இழுத்தவுடன் பெரும்பாலான கருவிகளில் விசிறியும் சுருளும் நின்றுவிடும். முதல் பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அதன்பிறகும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பாதி வெந்த நடு அப்படியே அமுங்கும்.

பட்டர் பேப்பர்

மாவின் கனம் இல்லாமல் வெறும் காகிதத்தை உள்ளே வைத்துச் சூடேற்றினால் பறந்து போய்ச் சுருளில் பற்றிக்கொள்ளும்.

சிலிகான் அச்சு

வேண்டாம். சூடு ஏறுவதற்குள் மேற்புறம் கருகும். மெல்லிய அலுமினியத் தட்டே போதும்.

மேலே முந்திரி தூவுவது

மாவுக்குள் போடுங்கள்.

பழைய பேக்கிங் பவுடர்

தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். சாரல் காலத்தில் திறந்த டப்பா ஒரு மாதம் தாங்காது. என் மதினி அங்கே இருக்கிறார். காலாவதித் தேதி அடுத்த ஆண்டுதான் என்று டப்பாவைக் காட்டி வாதாடுவார். தேதி மூடிய டப்பாவுக்கு. ஒரு தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் பயன்படுத்தலாம், மெல்ல இரண்டு குமிழி விட்டால் குப்பைக்கு.

மின்சாரம்

இந்தக் கருவிகள் பெரும்பாலும் 1,400, 1,500 வாட். அதாவது ஆறரை ஆம்பியர் வரை இழுக்கும். அதைக் கைபேசி சார்ஜருக்காக வாங்கிய எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகி, அதே போர்டில் மிக்ஸியையும் ஓட்டுகிறவர்களிடம் கேக்கைப் பற்றிப் பேச எனக்குத் தெரியவில்லை. 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே கருவியை எடுத்துச் செல்லுங்கள். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு கேக்குக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளை மட்டும் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்ற கேக் படுத்துவிடும்.

கிறிஸ்துமஸ் கேக்கை ஒரே தட்டில் முடிக்க நினைப்பது

டிசம்பர் வந்தால் பாளையங்கோட்டையில் பழக்கேக் செய்யாத கிறிஸ்தவ வீடு குறைவு. முன்பெல்லாம் வீட்டில் மாவு கலந்து, தட்டுகளில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டிப் பேக்கரிக்குக் கொடுத்துவிடுவோம். ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்பின் மிச்சச் சூட்டில் அது நிதானமாக வேகும். எல்லாப் பக்கச் சுவரும் சூடு விடும் அடுப்பு அது. ஒரு கிலோ கேக்கும் உள்வரை வெந்து வரும். அதே ஒரு கிலோவை ஏர் ஃபிரையரில் வைத்துப் பழம் கருகிப்போன கதைகளை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். ஊறிய திராட்சையிலும் பேரீச்சையிலும் உள்ள சர்க்கரை நேரடிச் சூட்டில் சீக்கிரம் கரிந்து கசக்கும். அரைக் கிலோவாகப் பிரியுங்கள், தொடக்கத்திலிருந்தே தாள் போட்டு மூடுங்கள், 130 முதல் 140 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். மேலே எட்டிப்பார்க்கும் திராட்சையை மாவுக்குள் அமுக்கிவிடுங்கள். ஐந்து கிலோ செய்பவர்களுக்கு இந்தக் கருவி சரிப்படாது. இன்றும் சுட்டுத் தரும் பேக்கரிக்காரர் கிடைத்தால் அவரிடமே போங்கள்.

ஆறுமுன் வெட்டுவது

தட்டிலேயே பத்து நிமிடம், பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து ஒரு மணி நேரம். சூட்டோடு வெட்டினால் நன்றாக வெந்த கேக்கும் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டி, வேகாதது போலத் தோன்றும். கருப்பட்டி கேக் மறுநாள்தான் சுவை கூடும். பொறுக்க முடிந்தவர்கள் பொறுங்கள். ஆறுகிற ஒரு மணி நேரத்துக்குள் எறும்பு வந்துவிடும். ஓர் அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் கம்பித் தட்டை வையுங்கள். கம்பித் தட்டின் விளிம்பு சுவரைத் தொடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எறும்புக்கு அந்த ஒரு வழி போதும்.