பிளாக்லெட்டரில் கடை போர்டு: ‘கடல்’ எப்படி ‘ருடுல்’ ஆனது

திருப்பாதிரிப்புலியூரில் மச்சான் புல்லட் ரிப்பேர் கடை போட்டார். ‘கடல் மோட்டார்ஸ்’ என்ற பெயர் ஆங்கிலத்தில், “நியூயார்க் டைம்ஸ் பேப்பர் தலைப்பு மாதிரி” வேண்டுமாம். அதுதான் பிளாக்லெட்டர். பட்டை முனைப் பேனாவால் ஒடித்து ஒடித்து எழுதியது போல, நெருக்கமாக, கறுப்பாக நிற்கும் எழுத்து. 1455 வாக்கில் குட்டன்பெர்க் அச்சிட்ட பைபிளும் இந்த வகைதான்.

எழுத்துரு: கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் முதலில் இறக்கியது யூனிஃப்ராக்டூர் மகுன்ஷியா. ஜெர்மனியில் 16ஆம் நூற்றாண்டில் பரவிய ஃப்ராக்டூர் வகை. பார்க்க அவ்வளவு அழகு!

தட்டச்சு: இங்கேதான் வழுக்கினேன். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைத் திறந்து, போர்டுதானே என்று எல்லாவற்றையும் கேப்பிடலில் அடித்தேன். ஃப்ராக்டூரில் கேப்பிடல் ‘ஏ’ அப்படியே ‘யூ’ மாதிரி இருக்கும்; ‘கே’ கிட்டத்தட்ட ‘ஆர்’. பக்கத்து டீக்கடைக்காரர் எழுத்துக்கூட்டி, “ருடுல்னா என்னங்க?” என்றார்.

இந்தக் கேப்பிடல்கள் சொல்லின் தலையில் தனியாக நிற்பதற்கென்றே சுழித்து வரையப்பட்டவை. வரிசையாக நிறுத்தினால் சுழிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சின்ன எழுத்துகளில்தான் வேலிக் கம்பு நட்டது போன்ற அந்தச் சீரான வரிசை வரும். அதனால் முதல் எழுத்து மட்டும் கேப்பிடல். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டவே கூடாது, வேலி கலைந்துவிடும். கடைசியில் ‘பைரேட்டா ஒன்’ என்ற இன்னொரு பிளாக்லெட்டர் எழுத்துருவுக்கு மாறினேன். சுழிப்பு குறைவு, சட்டென்று படிக்கலாம். போர்டுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

பெயருக்கு மட்டும்தான் இது. போன் நம்பர், முகவரி எல்லாம் சாதாரண எழுத்தில் போடுங்கள்.

பிரிண்டுக்கு முன்: ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, இங்க்ஸ்கேப்பின் ‘பாத்’ மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுங்கள். எழுத்து வெறும் கோட்டு வடிவமாக (பாத்) மாறிவிடும். இதைச் செய்யாமல் ஃபைலை அனுப்பினால், ஃப்ளெக்ஸ் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறு எதிலாவது அச்சாகி வரும். நகல் எதற்கு என்றால், பாத் ஆன பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது.

பின்சேர்க்கை: “தமிழில் அடித்தால் பிளாக்லெட்டர் வரவில்லையே” என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வராது. இந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்தே கிடையாது. கணினி தானாக வேறொன்றைப் போட்டுவிடும். தமிழுக்குத் தடித்த, நேரான எழுத்துரு ஒன்றைத் தனியாகத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. மச்சான் போர்டில் பிளாக்லெட்டர் இப்போது இரண்டாவது வரி.