வேலூரில் எந்தத் தெருவில் என்ன சாப்பிடலாம்?

சி.எம்.சி. மருத்துவமனை எதிரே உள்ள காந்தி ரோடும் அதன் சந்துகளும் பாதி கொல்கத்தா. வைத்தியத்துக்கு வரும் வங்காளிகளுக்காகவே நடக்கும் மெஸ்கள் அங்கே நிறைய. சோறு, மசூர் பருப்பு, ஆலு போஸ்தோ (கசகசா அரைத்துச் செய்த உருளைக்கிழங்கு), ரோகு மீன் குழம்பு கிடைக்கும். பல இடங்களில் மீனுக்குத் தனி விலை. உட்காருமுன் துண்டு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பில்லில்தான் சண்டை வரும். கடுகெண்ணெய் வாசனை பழகாதவர்கள் முதல் நாள் பருப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பிரியாணிக்கு ஆம்பூர் பாணிக் கடைதான். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர்: நிறம் அந்த மிளகாயில் வருவது. அரைவேக்காட்டில் வடித்த சோற்றைக் கறி மசாலாவில் சேர்த்து தம் போடுவார்கள். மதியம் தேக்சா (பிரியாணி அண்டா) திறந்த கொஞ்ச நேரத்துக்குள் போய்விடுங்கள். மூன்று மணிக்குப் போனால் அடிச்சோறுதான்: குழைந்து, எண்ணெய் இறங்கி, கறி உதிர்ந்து கிடக்கும். கூட வரும் கத்தரிக்காய்த் தொக்கில் புளிப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரியாணி திகட்டும். நேரமிருந்தால் சுமார் 50 கி.மீ. தள்ளி ஆம்பூருக்கே போகலாம்.

காட்பாடிப் பக்கம், வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களை நம்பிய கடைகளில் ஆந்திரச் சாப்பாடு, வட இந்திய ரொட்டி எல்லாம் உண்டு. ஆந்திரச் சாப்பாட்டில் பருப்புப்பொடிக்கு நெய் கேட்டு வாங்குங்கள்.

இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா. குலாப் ஜாமூன் மாதிரி தெரிந்தாலும் உள்ளே முந்திரி, பாதாம் மாதிரிப் பருப்பு வகைகள் இருக்கும். ஊருக்குக் கொண்டுபோக, பாகை வடித்துக் கட்டித் தரச் சொல்லுங்கள், பை நனையாது.