களஞ்சியத்துக்கு மெஷின் வாங்குமுன்: தபால்வழிக் கடைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புழுக்கொடியல், ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள், கருவாடு. வன்னியில் வீட்டு விறாந்தையில் இருந்து கூரியரில் இவற்றை அனுப்பத் தொடங்கிய கடை வளர்ந்தால், ஒரு கட்டத்தில் களஞ்சியம் தேட வேண்டிவரும். நாளுக்குப் பத்துப் பார்சல் போகும்வரை ஒரு கொப்பியும் கடைக்காரரின் ஞாபகமும் போதும். நூறை நெருங்கும்போது பிழைப் பார்சல்கள் கூடும். உடனே 'மெஷின் போட்டால் சரி' என்று யாராவது சொல்வார்கள். காசு வீணாவது அங்கேதான்.

முதல் தவறு, நேரம் எங்கே போகிறது என்று பாராமல் கன்வேயர் பெல்ட்டுக்கு விலை கேட்பது. இப்படியான களஞ்சியங்களில் ஓடருக்குச் சாமான் எடுப்பவரின் நேரத்தில் பெரும்பங்கு நடையிலும் தேடலிலும் கரைகிறது. ஒரு காலை முழுக்க வேலைசெய்யும் பிள்ளைக்குப் பின்னால் நடந்து பாருங்கள். நாள்தோறும் போகும் புழுக்கொடியல் பின்சுவரோரம் இருக்கும். மாதத்தில் ஒன்று விற்கும் சாமான் பொதிகட்டும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். அதிகம் போவதை மேசைக்கு அருகே இடுப்பளவு தட்டிலும், பாரமானதை அடித்தட்டிலும் வையுங்கள். கருவாட்டைத் தனி மூலைக்கு அனுப்பிவிடுங்கள். பனங்கட்டியில் அந்த மணம் ஏறினால் வாங்கியவர் சும்மா இருக்கமாட்டார். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

அடுத்தது பெயர். 'ஒடியல் மா 500', 'ஒடியல்மா அரைக்கிலோ', 'மா ஒடியல்' என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால், கணினிக்கு அது மூன்று சாமான். ஒன்றில் இருப்பு முடிந்துவிட்டது என்று காட்டும், றாக்கையில் சாமான் குவிந்திருக்கும். ஒரு சாமானுக்கு ஒரே பெயர், ஒரே எண். றாக்கைக்கும் அப்படித்தான்: வரிசை, றாக்கை, தட்டு மூன்றையும் சேர்த்து 'அ-03-2' என்று எழுதி ஒட்டுங்கள். 25 கிலோ மூட்டை உள்ளே வந்து 250 கிராம் பைக்கற்றாக வெளியே போகும் கடை என்றால் இன்னொரு பொறியும் உண்டு. கணக்குப்படி 100 பைக்கற். சிந்தியதும் தராசு கொஞ்சம் தாராளமாக நிறுத்ததும் போக அத்தனை வராது. மூட்டை பிரித்த அன்றே உண்மையான எண்ணிக்கையைப் பதியாவிட்டால், எத்தனை ஸ்கேனர் வாங்கினாலும் இருப்பு ஒருநாளும் சரிவராது.

ஊரில் வீட்டோடு செய்துதரும் பெண்களின் சாமானில் பார்கோட் இருக்காது. அதற்காக 479 என்று தொடங்கும் ஓர் எண்ணை நீங்களே உருவாக்கி அடிக்காதீர்கள். அது இலங்கையில் முறைப்படி பதிந்தவர்களுக்கு வழங்கப்படும் முன்னெண். வேறொருவரின் சாமானோடு மோதும். களஞ்சியத்துக்குள் மட்டும் பயன்படுத்த 'கோட் 128' என்ற பார்கோட் வகை போதும், ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து அடிக்கலாம். கடைகளில் காணும் வழக்கமான 13 இலக்க பார்கோட்டில் காலாவதித் திகதி இருப்பதில்லை என்பதையும் மறக்கவேண்டாம். திகதியைத் தனியாகப் பதிந்து, முதலில் காலாவதியாவதை முதலில் அனுப்பும்படி மென்பொருளை அமைக்கவேண்டும்.

லேபிள் விஷயத்தில் வன்னி வெயிலையும் கணக்கில் எடுங்கள். விலை குறைந்த பிரின்டர்கள் பெரும்பாலும் மையில்லாமல் சூட்டினால் அடிப்பவை. கூரியர் பார்சலுக்கு அது நல்லது, சில நாளில் வேலை முடிந்துவிடும். றாக்கையிலும் பைக்கற்றிலும் மாதக்கணக்கில் இருக்கவேண்டிய லேபிளுக்கு ஆகாது. வெயில் பட்டால் எழுத்து மங்கும், கருவாட்டு எண்ணெய் பட்டால் அழியும், காண்டாவன காலத்துத் தகரக் கூரைச் சூட்டில் தாளே கறுக்கத் தொடங்கும். இப்படிப்பட்ட இடத்துக்கு மை றிபன் போட்டு அடிக்கும் பிரின்டர்தான் சரி. கச்சான் காற்றில் வரும் புழுதிக்கு பிரின்டரின் தலையை அடிக்கடி துடைக்கவும் வேண்டும்.

கரண்ட் போகாது என்று நம்பித் திட்டம் போடுவது இன்னொரு தவறு. 2022இல் நாள் ஒன்றுக்கு 13 மணிநேரம்வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டது. கணினிக்கும் ரவுட்டருக்கும் யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்சநேரம் தாங்கும் பற்றரி) போடுங்கள். இணையம் இல்லாதபோதும் ஸ்கேன் செய்ததைச் சேமித்து, பிறகு அனுப்பிவைக்கும் மென்பொருளையே எடுங்கள். விற்க வருபவர் முன்னாலேயே இணையத்தை நிறுத்திப் பார்ப்பது நல்ல சோதனை. அவர் முகத்தையும் பாருங்கள்.

காசைப் பார்சல் கிடைத்தபின் வாங்கும் முறையில் திரும்பி வருபவை இருக்கும். அவற்றுக்குத் தனி மேசை வேண்டும், பிரித்துப் பார்க்காமல் இருப்பில் சேர்க்கவே கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் பெட்டியின் அளவையும் பதியுங்கள். 40×30×30 சென்ரிமீற்றர் பெட்டியில் முறுக்கு 3 கிலோதான் இருந்தாலும், நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதை நிறையாக எடுக்கும் கொம்பனி 7.2 கிலோவுக்குக் காசு கேட்கும்.

மாற்றத்தை எப்போது தொடங்குவது? தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் எல்லாம் அடுத்தடுத்து வரும், மாரியும் கூடவே வரும்; அந்த மாதங்களில் கைவைக்கவேண்டாம். பொங்கல் முடிந்து மாசியில், ஒரே ஒரு றாக்கையோடு தொடங்குங்கள். திரை தமிழில் இருக்கட்டும், ஸ்கேனரை நாள்முழுக்கப் பிடிக்கப்போகும் பிள்ளைகளே அதை முதலில் சோதிக்கட்டும். கொப்பியை உடனே மூடாமல் இரண்டு கிழமை சேர்த்து எழுதுங்கள். மாலையில் பத்துச் சாமானைக் கையால் எண்ணி, கணினியோடும் கொப்பியோடும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போன பிறகு அடுத்த றாக்கைக்குப் போகலாம்.