கிரிப்டோ வாலெட்: 12 வார்த்தையைக் காப்பது பாதி வேலைதான்

வாலெட்டில் கைவைக்க நினைப்பவனுக்கு இரண்டில் ஒன்று கிடைத்தால் போதும்: உங்கள் சீட் ஃப்ரேஸ் (வாலெட்டைத் திறக்கும் 12 வார்த்தைகள்), அல்லது உங்கள் கையெழுத்து (வாலெட்டில் "கன்ஃபர்ம்" அழுத்தி நீங்கள் தரும் ஒப்புதல்). முதலாவதைப் பற்றி ஊரே எச்சரிக்கிறது. இரண்டாவதில்தான் விவரம் தெரிந்தவர்களும் மாட்டுகிறார்கள். மெட்டாமாஸ்க் என்ற வாலெட்டை வைத்துச் சொல்கிறேன். மற்ற வாலெட்டுகளிலும் கதை ஏறக்குறைய இதுதான்.

படி 1: வார்த்தைகளைப் பேப்பரில் எழுதுங்கள்

மெட்டாமாஸ்க் தரும் 12 ஆங்கில வார்த்தைகளை அதே வரிசையில் எந்தப் போனில் போட்டாலும் உங்கள் வாலெட் அங்கே திறந்துகொள்ளும். உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்காது, ஓடிபி வராது. பேப்பரில் எழுதி, நகை வைக்கும் இடத்தில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், தனக்குத்தானே வாட்ஸ்அப் அனுப்பி வைப்பதும் வேண்டாம். புதுப் போனில் நீங்களாகவே வாலெட்டை மீட்கும்போது மட்டும்தான் அவற்றை டைப் செய்ய வேண்டிவரும். "வெரிஃபை பண்ணணும்", "வாலெட்டை சிங்க் பண்ணணும்" என்று யார் கேட்டாலும் அவன் திருடன்.

படி 2: தள முகவரியை புக்மார்க் செய்யுங்கள்

வாலெட்டின் தளத்தைக் கூகுளில் தேடினால் மேலே நிற்பது விளம்பரமாக இருக்கலாம். அங்கே போலித் தளங்கள் காசு கொடுத்து இடம் பிடித்திருக்கின்றன. ஒருமுறை சரியான தளத்தைக் கண்டுபிடித்து புக்மார்க் செய்துவிட்டால், பிறகு தேடவே வேண்டாம்.

உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் ஒருவனுக்குத் தெரிகிறது என்பதற்காக அவனை நம்பிவிடாதீர்கள். வாலெட் கருவிகள் விற்கும் லெட்ஜர் நிறுவனத்திடமிருந்து 2020-இல் கசிந்த வாடிக்கையாளர் விவரங்களில் சுமார் 2,70,000 பேரின் முகவரியும் போன் நம்பரும் இருந்தன. போலி மெயில்கள் குவிந்தன. அடுத்த வருடம் சிலர் வீட்டுக்கு போலி லெட்ஜர் கருவியே பார்சலில் வந்தது.

படி 3: கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்

2022 பிப்ரவரியில் ஓபன்சீ என்ற சந்தைத் தளத்தின் பயனர்கள் 17 பேரின் என்எஃப்டிகள் (பிளாக்செயினில் பதிவான டிஜிட்டல் உடைமைகள்) பறிபோயின. சீட் ஃப்ரேஸைக் கறக்க வேண்டிய அவசியமே திருடனுக்கு இருக்கவில்லை. அவர்களை ஏமாற்றி வாங்கிய கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

வாலெட்டில் ஒரு பெட்டி எழும்பி "கன்ஃபர்ம்" கேட்கும்போது மூன்றைப் பாருங்கள். கேட்பது எந்தத் தளம்? என்ன கேட்கிறது? யாருக்கு, எவ்வளவு?

"அப்ரூவ்" என்றால், உங்கள் டோக்கனை (வாலெட்டில் உள்ள கிரிப்டோ நாணயத்தை) இன்னொரு கிரிப்டோ முகவரி எடுத்துக்கொள்ள நீங்கள் அனுமதி தருகிறீர்கள். தொகைக்கு எதிரே "அன்லிமிடெட்" என்றோ வால் நீண்ட எண்ணோ இருந்தால், தேவையான தொகையை மட்டும் அடித்து மாற்றுங்கள். "செட் அப்ரூவல் ஃபார் ஆல்" என்றால் அந்தத் தொகுப்பில் உள்ள உங்கள் என்எஃப்டி அத்தனைக்கும் சாவி.

மோசமானது "பெர்மிட்": அதே அனுமதியை வெறும் கையெழுத்தால் தருவது. டாலர் மதிப்போடு கட்டிய யுஎஸ்டிசி போன்ற டோக்கன்களில் இது உண்டு. கையெழுத்திட கேஸ் கட்டணம் (பரிவர்த்தனைக்கு நெட்வொர்க் வாங்கும் கட்டணம்) கிடையாது, அதனால் சும்மா லாகின் என்று நினைத்து ஒப்புக்கொள்கிறார்கள். காசு கேட்காத கையெழுத்தும் காசை எடுக்கும். உள்ளே "ஸ்பெண்டர்", "வேல்யூ", "டெட்லைன்" என்று வரிகள் தெரிந்தால் அது லாகின் அல்ல. புரியவில்லையா, "ரிஜெக்ட்" அழுத்துங்கள், ஒன்றும் குடிமுழுகாது. கேட்காமலே வாலெட்டில் வந்து விழும் ஏர்டிராப் டோக்கன்கள் பெரும்பாலும் இந்தப் பெட்டிக்கு உங்களை இழுத்துவரத்தான்.

படி 4: பழைய அனுமதிகளை ரத்து செய்யுங்கள்

தளத்திலிருந்து "டிஸ்கனெக்ட்" செய்தால் அனுமதி போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. ரிவோக் டாட் கேஷ் தளத்திலோ எத்தீரியம் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈதர்ஸ்கேனின் அப்ரூவல் பக்கத்திலோ உங்கள் வாலெட் முகவரியைப் போட்டுப் பார்த்து, தேவையில்லாததை ரத்து செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கேஸ் ஆகும். பெரிய தொகையை எந்தத் தளத்திலும் இணைக்காத தனி வாலெட்டில் வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே பாதி குறையும்.

படி 5: அனுப்பும்போது முழு முகவரியையும் பாருங்கள்

நீங்கள் அடிக்கடி பணம் அனுப்பும் வாலெட் முகவரியின் முதல், கடைசி எழுத்துகளோடு ஒத்துப்போகும் போலி முகவரியைத் தயாரித்து, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் அது தெரியும்படி சில்லறையை அனுப்பிவைப்பார்கள். அடுத்த முறை பட்டியலிலிருந்து காப்பி செய்தால் தீர்ந்தது. 2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் 1,155 ராப்டு பிட்காயினை (எத்தீரியத்தில் ஓடும் பிட்காயின் மதிப்புள்ள டோக்கன்), சுமார் 6.8 கோடி டாலரை, தவறான முகவரிக்கு அனுப்பினார். பிற்பாடு பெரும்பகுதி திரும்பியது. அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மாட்டிக்கொண்டால்

தவறான அப்ரூவல் என்றால் உடனே ரத்து செய்யுங்கள், மீதியை வேறு வாலெட்டுக்கு நகர்த்துங்கள். 12 வார்த்தை போய்விட்டால் ரத்து செய்வதில் பலனில்லை. புது வார்த்தைகளோடு புது வாலெட் வேண்டும். அதே வாலெட்டில் புது அக்கவுண்ட் சேர்த்தால் அதுவும் பழைய வார்த்தைகளுக்குக் கீழேதான் வரும். இந்தியாவில் இருப்பவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம். உங்கள் புலம்பலை டெலிகிராமில் எழுதிய சில நிமிடங்களில் "மீட்டுத் தருகிறேன்" என்று ஒருவர் இன்பாக்ஸில் வருவார். முன்பணம் கேட்பார், அல்லது அந்த 12 வார்த்தையைக் கேட்பார். பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள்.