கார்பன் நானோகுழாய்களின் எலக்ட்ரான் கட்டமைப்பை ஒளிமின் நிறமாலையால் அளப்பது எப்படி

கார்பன் அணுக்களாலான நுண்குழாய்களாகிய நானோகுழாய்களை, ஒளியால் எலக்ட்ரான்களை வெளியேற்றி அவற்றின் ஆற்றலை அளக்கும் ஒளிமின் நிறமாலைக் கருவிக்குள் வைப்பவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது, கார்பன் எங்கும் இருக்கிறது என்பதே. காற்றுப்பட்ட எந்தப் பரப்பிலும் ஹைட்ரோகார்பன் அழுக்கு படிகிறது; குழாய்களைக் கரைசலில் பிரித்து நிறுத்தும் சர்ஃபாக்டன்டிலும், மாதிரியைத் தாங்கியில் ஒட்டும் கறுப்பு நாடாவிலும் கார்பன் உண்டு. ஆகவே, அளப்பது குழாயின் எலக்ட்ரான்களைத்தானா என்ற கேள்விக்கு மாதிரியைத் தயாரிக்கும்போதே விடை கண்டுவிட வேண்டும்.

தூய்மைப்படுத்திய ஒற்றைச்சுவர்க் குழாய்களை வடிகட்டி மெல்லிய படலமாக்கி, அதைத் தங்கம் பூசிய தட்டின்மேல் பரப்பி, உலோகக் கவ்வியால் பிடித்து வையுங்கள். கார்பன் நாடாவைத் தொடவே வேண்டாம். பின்னர் மீஉயர் வெற்றிடத்தில், அழுத்தம் ஏறிவிடாதபடி மெதுவாகச் சில நூறு டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், ஒட்டியிருக்கும் நீரும் ஆக்சிஜனும் ஹைட்ரோகார்பனும் வெளியேறும். வேறு மாதிரிகளுக்கு வழக்கமாகச் செய்வதுபோல் ஆர்கான் அயனிகளால் பரப்பைச் சுரண்டக் கூடாது. அது அழுக்கோடு குழாயின் அறுகோண வலையையும் உடைத்துவிடும். முழு வீச்சு நிறமாலையை எடுத்து, பிணைப்பு ஆற்றல் (எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல்) 532 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி ஆக்சிஜனும், 707-இல் இரும்பும், 853-இல் நிக்கலும் தெரிகின்றனவா என்று பாருங்கள். வளர்ப்பில் பயன்பட்ட வினையூக்கித் துகள்கள் எஞ்சியிருந்தால், அவை ஃபெர்மி மட்டத்தருகே, அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளின் மேல் எல்லையருகே, தம் சொந்த எலக்ட்ரான் நிலைகளைச் சேர்த்து முடிவையே கெடுத்துவிடும்.

ஆற்றல் அளவுகோலைப் பொருத்துவதில் பலர் தவறுகிறார்கள். மற்றப் பொருள்களில் அழுக்குக் கார்பனின் முகட்டை 284.8 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இங்கே பின்பற்றினால், அளக்க வேண்டியதையே அளவுகோலாக்கிய குற்றம் நேரும். மாதிரியோடு மின்தொடர்பில் இருக்கும் தங்கத்தின் உள்கூட்டு எலக்ட்ரான்களுக்குரிய 4எஃப் முகட்டை 84.0-க்கும், ஃபெர்மி மட்டத்தில் செறிவு சட்டென விழும் அதன் விளிம்பைப் பூச்சியத்துக்கும் பொருத்துங்கள்.

அலுமினியத்தின் 1486.6 எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரால் எடுக்கும் கார்பனின் உள்கூட்டு எலக்ட்ரான்களுக்குரிய 1எஸ் முகடு 284.5-ஐ ஒட்டி அமையும். உயர் பிணைப்பு ஆற்றல் பக்கம் அது வால்போல் நீள்வதால், உலோகத் தன்மையுள்ள மாதிரிக்குச் சமச்சீரான வளைவைப் பொருத்துவது தவறு. 286 முதல் 289 வரை வரும் சிறு முகடுகள் ஆக்சிஜன் பிணைந்த கார்பனுடையவை. முதன்மை முகட்டிலிருந்து ஏறத்தாழ 6 எலக்ட்ரான் வோல்ட் தள்ளி வரும் அகன்ற மேடு, குழாய்ச்சுவரெங்கும் பரவியுள்ள பை எலக்ட்ரான்களின் கிளர்ச்சியால் எழுவது; அமிலத்தில் கழுவிய பின் இம்மேடு மங்கியிருந்தால் குழாய்ச்சுவர் சிதைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

எலக்ட்ரான் கட்டமைப்பின் உயிர்நிலை ஃபெர்மி மட்டத்தருகே, வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் அமையும் இணைதிறன் பட்டையில்தான் இருக்கிறது. அதற்கு ஹீலியம் விளக்கின் 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஒளியோ சின்க்ரோட்ரான் என்னும் துகள்முடுக்கியின் ஒளியோ வேண்டும். மாதிரியையும் நன்றாகக் குளிர்விக்க வேண்டும். குழாய் சுருண்ட விதத்தைக் குறிக்கும் இரு சுட்டெண்களின் வேறுபாடு மூன்றால் வகுபட்டால் அது உலோகம், இல்லையெனில் குறைக்கடத்தி என்பதால், பிரிக்காத மாதிரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலோகக் குழாய்களாக இருக்கும். 1.4 நானோமீட்டர் விட்டத்தை ஒட்டிய குழாய்களில், ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் மூன்று மெல்லிய வான் ஹோவ் முகடுகள் (சில ஆற்றல்களில் எலக்ட்ரான் நிலைகள் குவிவதால் எழுபவை) தெரியும்: முதல் இரண்டும் குறைக்கடத்திக் குழாய்களுக்கும் மூன்றாவது உலோகக் குழாய்களுக்கும் உரியவை. விட்டங்கள் பலவாகக் கலந்த மாதிரியில் இவை கரைந்துபோகும். ஆதலால் விட்டம் சீரான மாதிரியைத் தேடிப் பெறும் உழைப்பு வீணாகாது.

ஃபெர்மி மட்டத்தில் தங்கத்தில் காணும் படிபோன்ற விளிம்பு இங்கே தெரியாவிட்டால், மாதிரி கெட்டுவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். ஒற்றைப் பரிமாணத்தில் அடைபட்ட எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால், தனித்தனியாக அன்றிக் கூட்டாக இயங்கும் டொமொனாகா–லட்டிங்கர் திரவமாக நடந்துகொள்கின்றன. நிறமாலைச் செறிவும் அம்மட்டத்தை நெருங்கும்போது ஓர் அடுக்கு விதிப்படி, அதாவது அம்மட்டத்திலிருந்து உள்ள ஆற்றல் இடைவெளியின் ஓர் அடுக்குக்கு ஏற்ப, தேய்கிறது. 2003-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை நேரடியாகக் கண்டபோது, அடுக்கெண் 0.5-க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அதே வெப்பநிலையிலும் அதே பிரிதிறனிலும் தங்கத்தின் விளிம்பை எடுத்துக் கருவியின் அகலத்தைக் கணித்த பிறகே அடுக்கெண்ணைப் பொருத்துங்கள். படி தெரிந்தால், முதலில் எஞ்சிய வினையூக்கியையும் அடித்தட்டின் தங்கத்தையும் சந்தேகியுங்கள். அவை இல்லையென்று உறுதியானால், குழாய்க் கற்றைகளுக்குள் வேண்டுமென்றே பொட்டாசியத்தைச் செலுத்தி மீண்டும் அளக்கலாம். போதிய அளவு எலக்ட்ரான்கள் ஏறியதும் அவை சாதாரண உலோகம்போல் மாறி, விளிம்பு தோன்றுவதைக் காணலாம்.